வகுப்பாசிரியை மீது புகார் கொடுப்பதா, கல்வியாண்டு முடியும்வரை பொறுப்பதா?

குடந்தை அம்மா கேட்கிறார்:

என் மகள் கும்பகோணத்தை அடுத்த ஒரு தனியார் மெட்ரிகுலேஷன் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததிலிருந்து, காலையில் நிரப்பிக் கொடுக்கும் தண்ணீர் பாட்டில் மாலையில் அதே கனத்தோடு திரும்பி வருகிறது. வேனிலிருந்து இறங்கியதும் முதுகுப் பையைக்கூடக் கழற்றாமல் கழிவறைக்கு ஓடுகிறாள். முதலில் விளையாட்டுப் புத்தி என்றுதான் நினைத்தோம். பிறகு மெல்ல விசாரித்தபோது, இடைவேளை தவிர வேறு நேரத்தில் அனுமதி கேட்டால் வகுப்பாசிரியை விடுவதில்லை என்றும், கேட்டால் "பாத்ரூம் மகாராணி வந்துட்டாங்க, எல்லாரும் வழி விடுங்க" என்று வகுப்பின் முன் சொல்கிறார் என்றும் தெரிந்தது. அதனால்தான் தண்ணீரே குடிப்பதில்லை என்கிறாள். இப்போது வேனில் வரும் பிள்ளைகளும் அவளை அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

அந்த ஆசிரியை கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். சென்ற ஆண்டு கோணல்மாணலாக இருந்த மகளின் கையெழுத்து இந்த ஆண்டு திருந்தியிருக்கிறது. வகுத்தல் கணக்கை அவர் சொல்லிக்கொடுத்த பிறகே அவளுக்குப் புரிந்தது. எனவேதான் தயங்குகிறேன். "ஏப்ரல் வரை பொறுத்துக்கொள்ளலாம், அடுத்த வருஷம் வேறு மிஸ்தானே" என்கிறார் கணவர். ஆசிரியரைப் பகைத்துக்கொண்டால் பிள்ளையின் தலையில்தான் விடியும் என்பது மாமியாரின் வாதம். சின்னவன் அதே பள்ளியில் யுகேஜி படிப்பதால், கோபித்துக்கொண்டு இருவரின் டிசியையும் கையில் கொடுத்துவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் உள்ள வேறு இரண்டு அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளும் இதையே சொல்வதாகத் தனியாக எழுதினார்கள். ஆனால் சேர்ந்து வர இருவருமே மறுத்துவிட்டார்கள்.

புகார் கொடுக்கலாமா? கொடுப்பதென்றால் ஆசிரியையிடமே பேசுவதா, முதல்வரிடம் போவதா, கல்வி அலுவலகத்துக்கே எழுதுவதா?

வைகைக் கரையான்:

இதில் யோசிப்பதற்கு என்ன இருக்கிறது, சகோதரி? நேராக முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒரு மனு எழுதுங்கள். 14417 என்ற கல்வி உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். பள்ளி நிர்வாகத்திடம் போனால் பூசி மெழுகத்தான் பார்ப்பார்கள். இன்னொன்றையும் விசாரித்துப் பாருங்கள்: அந்த ஆசிரியை மாலையில் டியூஷன் எடுக்கிறாரா? எங்கள் பக்கம், டியூஷனுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒரு நீதி, வராத பிள்ளைகளுக்கு ஒரு நீதி என்று நடப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் அதையும் மனுவில் சேர்த்துவிடுங்கள்.

நாலாம் பீரியட்:

நானும் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவள் என்பதால், மேசைக்கு அந்தப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஆசிரியைக்கு வக்காலத்து வாங்குவதற்காக இதை எழுதவில்லை.

பாடம் நடக்கும்போது ஒரு குழந்தையை வெளியே அனுப்பினால் அடுத்த நிமிடம் ஐந்தாறு கைகள் உயர்கின்றன. அவற்றில் எது உண்மையான அவசரம், எது வாய்ப்பாட்டிலிருந்து தப்பிக்கும் வழி என்று சொல்வது எளிதல்ல. வகுப்பறை இரண்டாவது மாடியிலும் கழிவறை தரைத்தளத்திலும் இருக்கும் பள்ளிகளில், தனியாகப் போன குழந்தை படியில் விழுந்தாலும், ஈரத் தரையில் வழுக்கினாலும், முதல் கேள்வி வகுப்பாசிரியையிடம்தான் வரும். கூட அனுப்ப ஆயாம்மா இருந்தால் சிக்கல் இல்லை; பல பள்ளிகளில் ஆயாம்மாக்கள் எல்கேஜி, யுகேஜியோடு சரி. ஆகவே பாட வேளையில் யாரையும் வெளியே அனுப்பக் கூடாது என்று நிர்வாகமே வாய்மொழியாகவோ சுற்றறிக்கையாகவோ சொல்லியிருப்பது மிகவும் சாதாரணம். வகுப்பறைக் கேமராவில் வராந்தாவில் நடக்கும் பிள்ளையைப் பார்த்துவிட்டு, "உங்க வகுப்புப் பிள்ளை ஏன் வெளியே நிற்கிறது?" என்று தொலைபேசியில் கேட்கும் தாளாளர்கள் உண்டு.

உங்கள் மகள் சொன்னதில் இரண்டு செய்திகள் பின்னிக் கிடக்கின்றன. வெளியே விடாமல் இருப்பது ஒன்று. வகுப்பின் முன் பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்வது இன்னொன்று. முதலாவது பள்ளியின் விதியாக இருக்கக்கூடும். இரண்டாவதைச் செய்யும்படி எந்த நிர்வாகமும் சொல்லியிருக்காது, அது முழுக்க அவருடைய வாய். இரண்டையும் சேர்த்து ஆசிரியை மீது ஒரே புகாராகக் கொடுத்தால், பள்ளி என்ன செய்யும் தெரியுமா? அவரைக் கூப்பிட்டு உங்கள் முன்னால் கண்டித்து, மன்னிப்புக் கேட்க வைத்து அனுப்பிவிடும். விதி அப்படியே இருக்கும். அடுத்த ஆண்டு ஐந்தாம் வகுப்பில் வேறொரு மிஸ் இதே காரணத்தால் விடமாட்டார். கணவர் நம்பியிருக்கும் ஏப்ரல் வந்தும் ஒன்றும் மாறாது.

எனவே முதலில் நாள்குறிப்பில் ஒரு வரி எழுதி ஆசிரியையைச் சந்திக்க நேரம் கேளுங்கள். வகுப்பு வாசலில், மற்றப் பெற்றோர் நிற்கும்போது பேச வேண்டாம். மாலை வேன் கிளம்பிய பிறகு பேசுங்கள். "ஏன் விடுவதில்லை?" என்று கேட்பதற்குப் பதிலாக, "பாட வேளையில் அனுப்புவது பற்றிப் பள்ளியில் விதி ஏதாவது இருக்கிறதா?" என்று கேளுங்கள். பதில் எப்படி வருகிறது என்பதிலேயே பாதி விளங்கிவிடும். பட்டப்பெயரைப் பற்றியும் அங்கேயே, ஆனால் தனியாக, சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுங்கள்.

வார்டு அக்கா:

குழந்தைகள் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். புகாரா இல்லையா என்று முடிவு செய்யுமுன் குழந்தையை மருத்துவரிடம் காட்டுங்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

குழந்தையின் சிறுநீர்ப்பை எவ்வளவு பிடிக்கும் என்பதற்கு எங்களிடம் ஒரு மனக்கணக்கு உண்டு. வயதோடு இரண்டைக் கூட்டி முப்பதால் பெருக்கினால் மில்லி கணக்கில் தோராயமான அளவு வந்துவிடும். உங்கள் மகளுக்கு ஒன்பது வயது என்று வைத்துக்கொண்டால் சுமார் 330 மில்லி. நாள் முழுவதும் போதுமான தண்ணீர் குடிக்கிற பிள்ளைக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை போக வேண்டியிருப்பது இயல்பு. அது அடமும் அல்ல, சாக்கும் அல்ல. தண்ணீரைக் குறைத்து, வருவதையும் அடக்கி வைக்கும் பிள்ளைகளுக்குச் சிறுநீர்ப் பாதையில் தொற்றும் மலச்சிக்கலும் வருகின்றன. பெண் குழந்தைகளிடம் தொற்று இன்னும் அதிகம். இதில் ஒரு சிக்கல் என்னவென்றால், தொற்று வந்துவிட்டால் அதன் அறிகுறியே அடிக்கடி போக வேண்டும் என்ற உணர்வுதான். அடக்கியதால் தொற்று, தொற்றால் அடிக்கடி கேட்பது, கேட்டதால் கேலி, கேலியால் மீண்டும் அடக்குவது என்று அது ஒரு சுழலாகிவிடுகிறது. போகும்போது எரிச்சல், அடிவயிற்று வலி, காய்ச்சல், இரவில் படுக்கை நனைதல் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண சிறுநீர்ப் பரிசோதனையோடு, மருத்துவர் சொன்னால் எந்தக் கிருமி என்று கண்டறியும் கல்ச்சரும் எடுத்துவிடுங்கள்.

பரிசோதனை முடிவு எப்படி வந்தாலும், "இந்தக் குழந்தை கேட்கும்போது கழிவறை செல்ல அனுமதிக்க வேண்டும், போதிய தண்ணீர் குடிக்க வேண்டும்" என்று மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அது யார் மீதும் குற்றம் சுமத்தாத தாள் என்பதால் கோபப்பட ஆளில்லை. அதை வாங்கி வைத்துக்கொண்ட பிறகு அனுமதி மறுக்கும் துணிவும் பெரும்பாலும் யாருக்கும் வராது. கேலிக்கு அந்தக் கடிதம் மருந்தாகாதுதான். அதற்கு மற்றவர்கள் சொல்லும் வழியில் போங்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை:

அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். புகார்களை வாங்குகிற நாற்காலியில் உட்கார்ந்தவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில் வைகைக் கரையான் தம்பிக்கு. ஆசிரியர் தனிப்பட்ட டியூஷன் எடுப்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு தடை செய்கிறது என்பது உண்மை. ஆனால் அந்த ஆசிரியை டியூஷன் எடுக்கிறார் என்று இந்த அம்மா சொல்லவே இல்லை. கேள்விப்பட்டதையும் ஊகித்ததையும் ஒரு மனுவில் சேர்த்தால், விசாரிப்பவர் பொய்யாகப் போகக்கூடிய பகுதியைத்தான் முதலில் பிடித்து இழுப்பார். அதோடு சேர்ந்து உண்மையும் சரிந்து விழும். குழந்தை சொன்ன அந்த வாக்கியம், தேதி, திரும்பி வரும் பாட்டில், மருத்துவர் தாள் ஆகிய இவை போதும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2009-ஆம் ஆண்டின் குழந்தைகளுக்கான இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, உடல் ரீதியான தண்டனையை மட்டுமின்றி மன ரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. எது மனத் துன்புறுத்தல் என்பதற்குத் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் விளக்கம் தருகின்றன. பட்டப்பெயர் சொல்லி அழைப்பது, கிண்டலாகப் பேசுவது, உடல்நிலையையோ பெற்றோரின் தொழிலையோ சாதியையோ குறிப்பிட்டுச் சிறுமைப்படுத்துவது எல்லாம் அதில் அடங்கும். அந்த வழிகாட்டுதல்களைத் தமிழ்நாட்டில் நடைமுறைப்படுத்தும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் பள்ளிக் கல்வித் துறைக்கு உத்தரவிட்டிருக்கிறது. ஆகவே "பாத்ரூம் மகாராணி" என்பது ஏதோ மிஸ்ஸின் நகைச்சுவை என்று தள்ளிவிடக்கூடிய ஒன்றல்ல.

ஆனால் அந்தப் பிரிவை முழுவதும் படித்தால் இன்னொன்றும் தெரியும். மீறுபவர் மீது அவருக்குப் பொருந்தும் பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம் என்றுதான் அங்கே இருக்கிறது. அபராதமோ சிறையோ இல்லை. தனியார் பள்ளியில் அந்த நடவடிக்கையை எடுக்க வேண்டியது நிர்வாகம். நீங்கள் முதன்மைக் கல்வி அலுவலருக்கு எழுதினாலும், அது தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து பள்ளிக்கு விளக்கம் கேட்டு வரும். அப்போது பள்ளி முதலில் சொல்லப்போவது, "பெற்றோர் எங்களிடம் இதுபற்றி எதுவும் சொல்லவில்லை" என்பதுதான். அந்த வாக்கியத்தை எழுதவிடாமல் செய்வதற்காகவே முதலில் பள்ளிக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். மேலே போவதற்கான ஏணியில் அது முதல் படி.

அடித்தது, பூட்டி வைத்தது, தொடக்கூடாத விதத்தில் தொட்டது போன்றவற்றுக்கு இந்த வரிசை பொருந்தாது. அவற்றில் ஆசிரியரையும் முதல்வரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்க வேண்டும். பாலியல் குற்றமாக இருந்தால் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் எவரும், பள்ளி முதல்வர் உட்பட, காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்.

டிசி பற்றிய பயத்துக்கு வருகிறேன். தொடக்கக் கல்வியை, அதாவது எட்டாம் வகுப்பை, முடிக்கும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்று 16-ஆம் பிரிவு சொல்கிறது. நீங்கள் கேட்காத டிசியை அவர்கள் கையில் திணிக்க முடியாது. ஒன்றை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: உங்கள் பள்ளி சிறுபான்மையினர் நடத்தும் பள்ளியாக இருந்தால், 2014-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி இந்தச் சட்டம் அதற்குப் பொருந்தாது. அப்படியானால் பிரிவு எண்களை விட்டுவிட்டு, நடந்ததை மட்டும் எழுதுங்கள். சின்னவனின் யுகேஜியும் இந்தச் சட்டத்தின் ஆறு வயது வரம்புக்கு வெளியேதான் இருக்கிறது. இருந்தாலும், அக்கா விஷயத்துக்காகத் தம்பியை வெளியேற்றி ஊர் வாயில் விழுவதற்கு, கட்டண வருமானத்தை நம்பியிருக்கும் எந்தத் தாளாளரும் அவ்வளவு எளிதில் முன்வர மாட்டார்.

பள்ளி அசையவில்லை என்றால், 32-ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அதிகாரத்துக்கு எழுத்துமூலம் முறையிடலாம். மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், அதிலும் குறை இருந்தால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். நடைமுறையில் அந்த மூன்று மாதத்தில் உங்கள் மகள் ஐந்தாம் வகுப்புக்குப் போய்விடுவாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பொன்னி:

எங்கள் மகன் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது, வேறொரு ஊரில், வேறொரு பள்ளியில், நாங்கள் ஆசிரியை ஒருவரைப் பற்றி முதல்வரிடம் வாய்மொழியாகச் சொன்னோம். முதல்வர் மிகவும் கனிவாகக் கேட்டுக்கொண்டார். மறுநாள் காலை வருகைப்பதிவு எடுத்து முடித்ததும் அந்த ஆசிரியை என் மகனை எழுப்பி, "அம்மாகிட்ட போய் என்ன சொன்ன? இப்ப எல்லார் முன்னாடியும் சொல்லு" என்று கேட்டிருக்கிறார். அடி இல்லை, திட்டு இல்லை. ஆனால் அதன் பிறகு பள்ளியில் நடப்பது எதையும் அவன் எங்களிடம் சொல்வதை நிறுத்திவிட்டான். மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் எங்களுக்குப் பெரிய இழப்பாகப் பட்டது.

எனவே எழுத்தில் கொடுக்கும்போது, "இது குறித்து குழந்தையைத் தனியாகவோ வகுப்பின் முன்னிலையிலோ விசாரிக்கக் கூடாது, விசாரிக்க வேண்டியிருந்தால் பெற்றோர் உடனிருக்க வேண்டும்" என்று ஒரு வரி கட்டாயம் சேருங்கள். மகளிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், "மிஸ் கேட்டால் அம்மாவிடம் கேளுங்கள் என்று சொல்" என்று. அவள் சொன்னதால்தான் பிரச்சினை வந்தது என்ற எண்ணம் ஒருபோதும் அவளுக்கு வந்துவிடக் கூடாது. உங்கள் மாமியார் சொல்வதைப் பழமைவாதம் என்று ஒதுக்காதீர்கள். பழிவாங்கல் நடக்கத்தான் செய்கிறது. அது நடக்கும் வடிவம்தான் நாம் நினைப்பதைவிடச் சிறியதாக, நிரூபிக்க முடியாததாக இருக்கிறது.

குடந்தை அம்மா:

அனைவருக்கும் நன்றி. சிறுநீர்ப் பரிசோதனையில் தொற்று இருப்பது தெரிந்து மருந்து கொடுத்துவருகிறோம்; வார்டு அக்கா சொன்னதுபோலவே மருத்துவரிடம் கடிதமும் வாங்கிவிட்டேன். அந்தத் தாளைப் பார்த்த பிறகு, ஏப்ரல் வரை பொறுக்கலாம் என்ற பேச்சைக் கணவர் எடுப்பதில்லை.

ஆசிரியையை வேன் கிளம்பிய பிறகு சந்தித்தேன். விதி பற்றிக் கேட்டதும், அவர் தம் கைப்பேசியில் ஆசிரியர் குழுவுக்கு வந்திருந்த செய்தியைக் காட்டினார்: பாட வேளையில் மாணவர்களை வெளியே அனுப்பினால் அந்தந்த ஆசிரியரே பொறுப்பு என்று இருந்தது. இடைவேளையில் பெண் பிள்ளைகளுக்கான கழிவறையில் ஒரு கதவின் தாழ்ப்பாள் உடைந்து கிடப்பதால் வரிசை நகர்வதில்லை என்றும், முறை வருவதற்குள் மணி அடித்துவிடுகிறது என்றும் அவரே சொன்னார். இது எனக்குத் தெரியாத செய்தி. 2025-இல் தமிழ்நாட்டிலும் பள்ளிகளில் தண்ணீர் குடிக்க மணி அடிக்கும் "வாட்டர் பெல்" திட்டம் வந்ததே, இங்கே அந்த மணியும் அடிக்கிறார்களாம். குடித்த தண்ணீர் போவதற்கு வழி செய்யாமல் மணி அடித்து என்ன பயன் என்று எனக்குத் தோன்றியது, சொல்லவில்லை.

பட்டப்பெயர் பற்றிச் சொன்னபோது முதலில் அப்படிச் சொல்லவே இல்லை என்றார். வேன் பிள்ளைகளும் அதே பெயரைச் சொல்கிறார்கள் என்றதும், விளையாட்டாக ஒருமுறை சொல்லியிருக்கலாம் என்றார். அதற்குமேல் நான் வாதாடவில்லை. மருத்துவர் கடிதத்தின் நகலை வாங்கி வருகைப் பதிவேட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

இப்போது முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். முதல் பகுதியில் அந்தச் செய்தியைத் திரும்பப் பெற வேண்டும், கழிவறையைச் சரிசெய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அதில் ஆசிரியையின் பெயர் இல்லை. இரண்டாம் பகுதியில் பட்டப்பெயர் பற்றி, அவர் சொன்ன பதிலையும் சேர்த்து, மூன்றே வரிகளில் எழுதியிருக்கிறேன். கடைசியில் பொன்னி அவர்கள் சொன்ன வரி. அந்த இரண்டு அம்மாக்களிடமும் முதல் பகுதியை மட்டும் தனிக் கடிதமாகக் காட்டியபோது, இதில் கையெழுத்துப் போடத் தங்களுக்குத் தடையில்லை என்கிறார்கள். எனக்கு இப்போது இருக்கும் ஐயம் இதுதான்: இரண்டையும் ஒரே கடிதமாகக் கொடுப்பதா, இரண்டாகப் பிரிப்பதா? ஆசிரியை உண்மையைச் சொல்லி உதவியிருக்கும்போது, அவர் மீதான பகுதியைக் கொடுக்கத்தான் வேண்டுமா?

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை:

பிரித்துக் கொடுங்கள், அம்மா. கழிவறைக் கடிதத்தில் மூவரும் கையெழுத்திட்டு, முதல்வருக்கும் தாளாளருக்கும் சேர்த்து முகவரியிடுங்கள். அதைப் பத்துப் பெற்றோர் கையெழுத்தாக்க முடிந்தால் இன்னும் நல்லது. அந்தக் கைப்பேசிச் செய்தியை ஆசிரியைதான் காட்டினார் என்பது மட்டும் கடிதத்தில் எந்த இடத்திலும் தெரியக் கூடாது. "பாட வேளையில் அனுமதி மறுக்கப்படுவதாகப் பிள்ளைகள் சொல்கிறார்கள்" என்று எழுதினாலே போதும். இல்லாவிட்டால் உதவிய கைக்கே விலங்கு மாட்டியதாகிவிடும்.

பட்டப்பெயர்க் கடிதத்தையும் கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் இன்றே கொடுக்க வேண்டியதில்லை. நேரில் சொல்லியாயிற்று, இனி வகுப்பில் அந்தப் பெயர் ஒலிக்கிறதா என்று மகளை வற்புறுத்தாமல் கவனியுங்கள். வேன் பிள்ளைகளின் வாயை அடைக்க வேண்டியதும் ஆசிரியையின் பொறுப்புதான்; தாம் தொடங்கியதைத் தாமே வகுப்பில் முடித்துவைக்கும்படி நாள்குறிப்பில் மரியாதையாக ஒரு வரி எழுதுங்கள். அதன் பிறகும் ஒருமுறை அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து வந்தால், அன்றைய தேதியையும் சேர்த்து அந்த மூன்று வரிக் கடிதத்தை முதல்வரிடம் கொடுத்துவிடுங்கள். அப்போது தயங்க வேண்டாம்.

எந்தக் கடிதமானாலும் இரண்டு படிகள் எடுத்துச் சென்று, உங்கள் படியில் அலுவலகத்தின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை தர மறுத்தால் அங்கே நின்று சண்டை போடாமல், ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்டில்) அனுப்பிவிடுங்கள்.